ஓவசியரின் சோடிச் சைக்கிள்

உதுமாலெவ்வை ஓவசியர் மவுத்தான செய்தி எனக்குக் கனடாவிலிருந்து வந்தது. அவருடைய வீடு கல்முனையில் எனக்கு அடுத்த தெரு. சுபஹுத் தொழுகை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. எடுத்தால், காரைதீவுச் சிவராசாவின் மகள். அழுகைக்கு நடுவே கேட்டாள்: "சேர், மாமா போயிட்டாராமே. நீங்க அங்கதான் நிக்கிறீங்களா?" நான் என் வீட்டு விறாந்தையில் பெனியனோடு நின்றிருந்தேன். இன்னாலில்லாஹி சொல்லி வாய் மூடுவதற்குள் மனம் வேறொரு கணக்குப் பார்த்துவிட்டது. அவருடைய பிள்ளைகளுக்கு முதலில் அவளுக்குச் சொல்லத் தோன்றியிருக்கிறது, எனக்கு இல்லை. அதோடு, அவர் அவளுக்கு மாமா. நான் சேர்.

அவரை அறிந்த நீங்கள் இந்த நாட்களில் அவரைப் பற்றி நல்ல கதைகள் கதைக்கிறீர்கள். எல்லாம் உண்மை. நானும் அவற்றுக்குத் தலையாட்டினேன். ஆனால் நாற்பது வருடத்துக்கு மேலாக ஒரு மனிதர்மீது பொறாமைப்பட்டுக்கொண்டே அவரோடு கூடித் திரிவது எப்படியிருக்கும் என்று உங்களில் யாருக்கும் தெரியாது. அதை நான்தான் எழுத வேண்டும். எழுத்தில் 'அவர்' என்கிறேன். நேரில் நாங்கள் ஒருவரையொருவர் 'டேய் மச்சான்' என்றுதான் கூப்பிட்டோம். என் மனைவிக்கு அவர் சாச்சியின், அதாவது சின்னம்மாவின் மகன்; 'காக்கா' என்று கூப்பிடும் அண்ணன் முறை.

அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியர். வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் கையில். நான் விஞ்ஞானம் படிப்பித்த வாத்தியார். சந்தைக்கு இருவரும் சேர்ந்து போனால், நான் படிப்பித்த பிள்ளைகள்கூட முதலில் அவருக்குத்தான் சலாம் சொல்வார்கள். "தண்ணி கேட்டு வந்தவன நிக்க வெச்சுக் கதைக்கப்படாது" என்பார். வயலிலிருந்து சேற்றுக்காலோடு வருகிறவரையும் தன் கதிரையில் இருத்திவிட்டுத் தான் நின்றுகொண்டு கதைப்பார். அந்தக் கதிரையில் இருந்து எழும்பிப் போனவர்கள் அவரை மறக்கவில்லை.

எனக்கென்று ஒன்றே ஒன்று இருந்தது, சைக்கிள். புதுவருடப் போட்டிகளில் என்னை முந்தியவர் இந்தக் கரையில் இருக்கவில்லை. பந்தயச் சைக்கிளை நான் துடைப்பதைப் பார்த்து உம்மா, "அந்தத் துணியால உன்ட முகத்தையும் ஒருக்காத் துடை" என்பார். அந்த ஒன்றிலாவது அவர் கை வைக்கமாட்டார் என்றிருந்தேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த ஆண்டு அதிலும் கை வைத்தார். கல்லோயாப் பக்கம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர், தானும் மனைவியும் ஓடிய சைக்கிளை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரே சட்டத்தில் இரண்டு இருக்கைகள், இரண்டு சோடி மிதிகள், முன்னால் இருப்பவர் மட்டும் திருப்பக்கூடிய கைப்பிடி. ஊர் அதற்குச் 'சோடிச் சைக்கிள்' என்று பெயர் வைத்தது. என் பந்தயச் சைக்கிளை அதற்குப் பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில் நாங்கள் கொஞ்சப் பேர், வாத்திமாரும் கந்தோர் உத்தியோகத்தரும், பௌர்ணமிப் போயா விடுமுறைகளில் கூட்டமாகச் சைக்கிளில் எங்காவது போய் வருவோம். அந்த முறை அக்கரைப்பற்றில் ஒரு நண்பர் வீட்டில் பகல் சாப்பாடு. புறப்படும் இடத்துக்கு அவர் சோடிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நான் இயல்பாக முன் இருக்கைப் பக்கம் போனேன்.

"டேய், நீ பின்னால ஏறு."

"ஓட்டத் தெரிஞ்சவன் முன்னால இருக்கட்டுமே?"

"இது ஓட்டமில்ல மச்சான். இதில முதல்ல பின்னால இருக்கப் பழகோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் சைக்கிளைச் சிவராசாவிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறினேன். சிவராசா என்னோடு படிப்பித்தவர். அவருடைய சைக்கிளுக்கு அன்று ரியூப் வெடித்திருந்தது.

முதல் தடவை நான் இடதுகாலை ஊன்ற, அவர் வலதுகாலை மிதிக்க, இரண்டு பேரும் மணலில் விழுந்தோம். இரண்டாம் தடவை எழும்பியது. அப்போதுதான் விளங்கியது. இரண்டு சோடி மிதிகளும் ஒரே சங்கிலியில் கட்டுண்டவை. அவர் மிதித்தால் என் கால் சுற்றும், அவர் நிறுத்தினால் என் கால் நிற்கும். பிரேக் என்னிடம் இல்லை. பாதையும் தெரியாது. அவருடைய அகன்ற முதுகும் அதில் ஊறிவரும் வியர்வையும் மட்டும் தெரிந்தன. "பள்ளம்!" என்று அவர் சத்தம் போட்டால் நான் இருக்கையிலிருந்து எழும்ப வேண்டும். "ஆடு!" என்றால் மூச்சைப் பிடிக்க வேண்டும். சாய்ந்தமருதைத் தாண்டு முன்னரே இரண்டு பேரின் காலும் ஒன்றாகிவிட்டன. தனியாக ஓடும்போது கிடைக்காத ஒரு வேகம் அதில் இருந்தது. அது எனக்குப் பிடித்தது. பிடித்தது என்று சொல்ல மனம் வரவில்லை.

நிந்தவூர் வயல் வெளியில் வரம்பில் நின்றவர்களெல்லாம் கையுயர்த்தி, "ஓவசியர், எங்க பயணம்?" என்று கூவினார்கள். அவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் சொன்னார். ஒரு கிழவர், "பின்னால ஆரு?" என்று கேட்டார். "மச்சினன்!" என்றார் இவர். என் பெயரைச் சொல்லவில்லை.

அக்கரைப்பற்றில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, பொத்துவில் பஸ்ஸை வாசலில் நிறுத்தி அதன் கொண்டக்டர் ஓடிவந்தார். காரைதீவில் அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சிவராசாவின் மனைவிக்கு நாள் வருமுன்னே நோவு கண்டுவிட்டது. இரத்தம் போகிறது. கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். "சுறுக்கா வரட்டாம்."

கல்முனைப் பக்கம் போகும் பஸ் இனிப் பின்னேரம்தான். ஊரில் இருந்த வாடகைக் கார் கலியாண வீட்டுக்குப் போயிருந்தது. சிவராசா என் சைக்கிளை எடுத்தார். மிதியில் கால் தவறி வாசலிலேயே சரிந்து விழுந்தார். உதுமாலெவ்வை அவரைத் தூக்கி நிறுத்திச் சோடிச் சைக்கிளின் பின் இருக்கையில் இருத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"முன்னால ஏறு."

"சைக்கிள் உன்ட."

"சைக்கிள் என்டதான். கால் உன்ட காலா இருக்கோணும். கதைக்காம ஏறு."

ஏறினேன். கச்சான் காற்று பக்கவாட்டில் அடித்தது. சிவராசா முதலில் பாரமாகத்தான் இருந்தார். அட்டாளைச்சேனை தாண்டியதும் அவரும் மிதிக்கத் தொடங்கினார். "பிள்ளையாரே, பிள்ளையாரே" என்று மிதிக்கு ஒரு தடவை சொன்னார். அந்தச் சத்தத்துக்கே என் காலும் போனது. "பள்ளம்!" என்று நான் சத்தம் போட்டேன். "ஓம், ஓம், நிற்பாட்டாதீங்க" என்றார்.

நிந்தவூரில் வைக்கோல் ஏற்றிய ஒரு டிராக்டர் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. தூரத்தில் எங்களைக் கண்டதுமே சாரதி அதை வயலுக்குள் இறக்கி வழிவிட்டார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "ஓவசியர்ர சைக்கிளல்லோ! அவர் எங்க?" என்று கத்தினார். இல்லாத இடத்திலும் அவருக்குத்தான் வழி கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் வேண்டுமென்றார்கள். சிவராசாவுடையது பொருந்தவில்லை. என்னுடையதையும் பார்த்தார்கள், பொருந்தவில்லை. என் வாழ்க்கையில் நான் அப்படி ஓடியதில்லை. ஓடிவந்த எனக்கு அந்தச் சுவரில் சாய்ந்து நிற்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உதுமாலெவ்வை என் சைக்கிளில் இளைக்க இளைக்க வந்து இறங்கினார். கையை நீட்டினார். அவருடையது பொருந்தியது.

தாயும் பிழைத்தார், பிள்ளையும் பிழைத்தது. கரை முழுக்க ஒரு கதை பரவியது: காரைதீவுப் பெண்ணுக்குக் கல்முனை ஓவசியர் இரத்தம் கொடுத்துக் காப்பாற்றினார். அந்தக் கதையில் சைக்கிள் உண்டு. அதை ஓட்டியவர் இல்லை. கேட்டவர்களிடம் "வாத்தியார்தானே கொண்டுபோனது" என்று அவரே சொன்னார். அதைக் கேட்டவர்கள், பார்த்தீர்களா எவ்வளவு தங்கமான மனிசன் என்று அவரைத்தான் மெச்சினார்கள். பிள்ளை பேசத் தொடங்கியதும் அவரை மாமா என்றது. எண்பதுகளின் நடுவில் கலவரத்தால் எங்கள் ஊர்களுக்கிடையே பாதை அடைபட்டுப் போக்குவரத்து நின்றிருந்தது. ஒருநாள் ஆள் மூலம் சிவராசா சுகம் விசாரித்து அனுப்பினார். முதல் கேள்வி, "உதுமாலெவ்வை சுகமா?" இரண்டாவது, "உதுமாலெவ்வையின் பிள்ளைகள் சுகமா?" மூன்றாவதாக நான்.

ஜனாஸாவுக்குத் தூரத்து வரிப்பத்தான்சேனையிலிருந்தும் டிராக்டர்களில் வந்தார்கள். அடக்கம் நடந்த மையவாடியில் நிற்க இடமில்லை. காரைதீவிலிருந்து சிவராசா கைத்தடியோடு வந்து வாசலில் நின்று அழுதார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்: "நான் மவுத்தானா இவ்வளவு சனம் வருமா?" அழுது சிவந்த கண்ணோடு அவள் என்னைப் பார்த்தாள். "காக்கா இருந்திருந்தா கூட்டிக்கொண்டு வந்திருப்பார்" என்றாள்.

அவர் நோயில் படுக்கையில் விழுந்த பிறகு நான் பின்னேரங்களில் அவரிடம் போய் இருப்பேன். போன மாதம் ஒருநாள் வழக்கமில்லாமல் பழைய கதை எடுத்தார்.

"அன்டைக்கு உன்ட சைக்கிள்ல உங்களுக்குப் பின்னாலயே வெளிக்கிட்டனான். எப்படியும் பிடிச்சிருவன் எண்டுதான் நினைச்சன். ரெண்டு பேர் ஏறின பாரம், அதுவும் அந்தக் காத்துக்கு. உன்ட முதுகைக்கூடக் காணக் கிடைக்கல்ல."

"நீ ஓவசியர். நான் ஓட்டக்காரன்."

"அவன்ட பொஞ்சாதி சாகக் கிடக்கா. எனக்கு வழியெல்லாம் இதே நினைப்பு. இவன்ட கால் எனக்கு இல்லையே, இல்லையே எண்டு. எரிஞ்சு எரிஞ்சுதான் வந்து சேர்ந்தன் மச்சான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். இருமல் வந்தது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்கட்டும். அவருடைய நல்ல குணங்களை நீங்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரைக்கும் உதுமாலெவ்வை ஓவசியர் என்மீது பொறாமைப்பட்டார். அது மட்டும் என்னுடையது. அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.