பெண்கள் பக்கத்துக் கமரா

கிண்ணியா முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் ஆண்கள் கமரா தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒன்பது வருடமாக அங்கே வீடியோ எடுப்பவள் ஷாமிலா. மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவள் கமராவைத் தொடமாட்டாள். "ஆருக்கெல்லாம் வீடியோவில வர விருப்பமில்ல?" என்று கேட்டு, கை உயர்த்தியவர்களை மனதில் பதித்துக்கொள்வாள். பிறகு எவ்வளவு நெரிசலில் எடுத்தாலும் அந்த முகங்களில் ஒன்றுகூடப் படத்தில் விழாது. அவளுடைய தொழிலே அதுதான்.

ஸ்டூடியோ முதலாளி அர்ஷாக்குக்கு இது விளங்கவில்லை. தூரத்து முகமும் துல்லியமாக விழும் எட்டு-கே கமரா வாங்கிய கையோடு, "ராத்தா, இனி நீங்க ஓடித்திரியத் தேவையில்ல. ஸ்டாண்டில வச்சு முழு ஹோலையும் எடுங்க. வேண்டிய மூஞ்ச நான் கொம்பியூட்டரில பெரிசாக்கி வெட்டி எடுப்பன்" என்றான்.

அடுத்த கல்யாணத்தில் அப்படியே எடுத்தாள். கை உயர்த்திவிட்டுத் தூரத்து மூலையில் போய் உட்கார்ந்த றம்ஸியா, முக்காடு விலகியது தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பழைய கமராவில் அவள் வெறும் புள்ளியாக இருந்திருப்பாள். அர்ஷாக் அந்தச் சிரிப்பை முழுத்திரைக்குப் பெரிதாக்கிப் பேஸ்புக்கில் போட்டுவிட்டான்.

றம்ஸியா ஷாமிலாவின் வாசலில் வந்து நின்று அழுதாள். "உங்கட சொல்ல நம்பித்தானே இருந்தனான்?"

அன்றோடு ஷாமிலாவின் வாக்குக்கு ஊரில் மதிப்பில்லாமல் போயிற்று. அர்ஷாக்கிடம் கேட்டதற்கு, "எடுத்தது நீங்கதானே, ராத்தா" என்று பல்லைக் காட்டினான். அவள் அதை மன்னிக்கவில்லை. நானாக இருந்தாலும் மன்னித்திருக்கமாட்டேன்.

வேலையை விடாமல் கறுவிக்கொண்டு காத்திருந்தாள். அதிலிருந்து ஐந்தாம் மாதம் அர்ஷாக்கின் தங்கச்சி மின்ஹாவுக்குக் கல்யாணம். அவன் ஆண்கள் பக்கம் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு நின்றான். ஷாமிலா கமராவை ஸ்டாண்டில் பூட்டிவிட்டுப் பெண்களிடம் வந்தாள்.

"இண்டைக்கு ஒதுங்கி இருக்க இடமில்ல. எந்த மூலையில இருந்தாலும் மூஞ்சி விழும். அர்ஷாக் பெரிசாக்கிப் பார்ப்பார்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பெண்கள் ஒவ்வொருவராக எழும்பிச் சாப்பாட்டு அறைக்குப் போய்விட்டார்கள். மேடையில் மின்ஹாவும் அவளுடைய உம்மாவும் மட்டும் மிஞ்சினார்கள்.

"ராத்தா, ஏன் எல்லாரும் போய்ட்டாங்க?" என்று கேட்ட மின்ஹாவின் கண் கலங்கியிருந்தது.

கமராவைக் கையிலெடுத்துக் கிட்டப் போய் மணமகளை மட்டும் எடுத்திருந்தால், மண்டபம் காலியென்று யாருக்கும் தெரிந்திருக்காது. அது ஷாமிலாவுக்குக் கைவந்த வேலை. பாவம் இந்தப் பிள்ளை என்று தோன்றத்தான் செய்தது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாள் அர்ஷாக் கொம்பியூட்டரைத் திறந்தான். இருநூறு வெறும் கதிரைகள். அவற்றுக்கு அப்பால், தூரத்தில் தங்கச்சி. அவன் அவள் முகத்தைப் பெரிதாக்கினான். கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கிய கோடு துல்லியமாகத் தெரிந்தது.