கதவு வரைக்கும் வந்த கதை

என் அத்தான் கண்ணாடிக் கடைக்காரர். வருகிறவர்களின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்பதுதான் பிழைப்பு. பின்னறையில் வில்லை தேய்க்கும் எனக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அவருக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. ஆங்கிலத்தில் துப்பறியும் கதை எழுதுகிறார். மூன்று வருஷமாக ஒரே கதை. துப்பறிகிறவன் கதவை நோக்கி நடக்கிறான். அந்த 'நோக்கி'க்கு டுவேர்டா, டுவேர்ட்ஸா? இரண்டும் சரி என்று அகராதி கைவிரித்துவிட்டது. அத்தான் விடுவாரா?

பத்திரிகைப் போட்டிக்கு மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டிய கடைசி நாள் அது. கண் சோதிக்கும் எழுத்துப் பலகையைக் கழற்றிவிட்டு, அந்த வாக்கியத்தை இரண்டு விதமாகவும் அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். கண் பார்க்க வந்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள். மதியத்துக்குள் ஏழுக்கு ஏழு.

"இந்த வருஷமும் போச்சு," என்றாள் அக்கா. அச்சில் அவர் பேரைப் பார்க்க அவரைவிட அவளுக்குத்தான் ஆசை. எனக்குப் பாவமாக இருந்தது.

மூன்றரைக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சோதனை.

"முதல் வரியா, ரெண்டாவதா?" அத்தான் சுவரைக் காட்டினார்.

"ரெண்டும் நல்லாத் தெரியுது சார். கதவுக்கு அந்தப் பக்கம் யாரு?"

"அது... இன்னும் எழுதல."

"எத்தனை நாளா நடக்கிறான்?"

"மூணு வருஷமா," என்றாள் அக்கா.

"அடப்பாவமே! நான் ஸ்டாப்புல மூணு நிமிஷம் நின்னாலே ஆளுக்காள் கத்துவாங்க."

அத்தான் முகம் தொங்கிவிட்டது. நேரே போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். டிரைவரும் மூக்கில் சட்டத்தோடு பின்னால் போய் நின்றுகொண்டார். கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்று தெரியாமல் போகமாட்டாராம்.

நாலரைக்குக் கதையில் கதவு திறந்தது. உள்ளே ஒரு கிழவி. தலைமுடி நரை என்று எழுதப்போன விரல் நின்றது. ஆங்கிலத்தில் அந்த 'கிரே'க்கும் இரண்டு ஸ்பெல்லிங். நிமிர்ந்தவர், அக்கா பார்த்த பார்வையில் கிழவிக்கு மொட்டையே அடித்துவிட்டார்.

ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. கதவு வரி இன்னும் இரண்டாகவே கிடந்தது. அக்கா அவரைத் தள்ளி உட்காரச் சொல்லி, ஒன்றை அழித்துவிட்டுக் கதையை அனுப்பியேவிட்டாள்.

"எதை வெச்சே?" அத்தான் பதறினார்.

"ஊர்ல போறவன் வர்றவனை எல்லாம் கேட்டீங்க. ஒரு நாளாவது என்னைக் கேட்டீங்களா?"

அத்தான் தலை குனிந்தது. டிரைவர் சட்டத்தைக் கழற்றாமலே அவர் தோளைத் தட்டினார்.

"இப்பக் கேளுங்க சார்."