பால் திரைந்த சனிக்கிழமை

வாருங்கள், எல்லாரும் சுகம்தானே? லொங்குய்யிலிருந்து வந்தவர்களுக்கு மெட்ரோ ஒழுங்காக ஓடியதா? பியர்பொன்ட்ஸ்காரர் பஸ்ஸிலேயே விறைத்திருப்பீர்கள். கோட்டைக் கழற்றாமல் இருங்கள்; இந்தப் பங்குக் கோயில் மண்டபம் சூடாக நேரம் எடுக்கும். ஞானம் அண்ணையின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்துவிட்டது. உள்ளே சோயாப் பால் அடுப்பில் இருக்கிறது. அது கொதிக்கும் மட்டும் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

செய்தி வந்த காலை எனக்கு லீவு. வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்றேன். என் மனைவி றெஜினா தொலைபேசியோடு வந்தாள்.

"மெய்லின் கதைக்கிறா. குரல் சரியில்லை," என்றாள்.

மெய்லின் எங்கள் முதலாளி, தாய்வான்காரி. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அவர் நடத்தும் காலைச் சாப்பாட்டுக் கடையில்தான் நானும் ஞானம் அண்ணையும் வேலை செய்தோம். முதல் மெட்ரோவில் வந்து இறங்குகிறவர் அன்றைக்கு வரவில்லையாம். அண்ணையின் தம்பிக்குச் சொல்லி, தம்பி போய்க் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். அண்ணை நித்திரையிலேயே போயிருக்கிறார். அதற்கு முன் ஒருநாளும் பிந்தாத மனுசன்.

அவருடைய கோட்டை நீங்கள் எல்லாரும் கண்டிருப்பீர்கள். இரண்டு பேர் நுழையலாம். ஏன் இவ்வளவு பெரிசு என்று ஒருமுறை கேட்டேன். "குளிருக்கும் இருக்க இடம் வேணுமெல்லோ," என்றார். சிரிக்கவில்லை. பகிடி விட்டால் சிரிப்பது மற்றவர்களுடைய வேலை என்பது அவர் எண்ணம்.

கோட்டில் தொடங்கி எங்கேயோ போகிறேன். கடைக்கு வருகிறேன்.

சின்னக் கடை. நிறம் நிறமாக முக்காலிகள், சுவரில் ஒரு கரும்பலகை, அதில் மெய்லினின் கையெழுத்து. ஞானம் அண்ணை சூடான இரும்புத் தட்டில் மாவை மெல்லிசாக ஊற்றி, முட்டையை உடைத்துப் பரப்பிச் சுருட்டுவார். நான் சோயாப் பால். இரவு முழுக்க ஊறிய சோயா அவரையை அரைத்து, வடித்து, அடிப்பிடிக்காமல் கிண்டிக் காய்ச்ச வேண்டும். இனிப்புப் பால் மட்டும் விற்ற காலம் அது. சனம் பெரிதாக வரவில்லை.

அப்போது றெஜினா மன்னாரில் இருந்தாள். கலியாணம் முடித்து மூன்று வருடம். சேர்ந்திருந்தது நாற்பது நாள். அவளை இங்கே கூப்பிடும் பத்திரங்களோடு வேலைக் கடிதம் ஒன்று வைக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு இடத்தில் வேலை போய், இரண்டு முறையும் கடிதம் இல்லாமல் போனது. மெய்லின் திங்கட்கிழமை எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தின சனிக்கிழமை கடையில் புதுச் சாப்பாடு. உப்புப் பால். மெய்லின் கிண்ணங்களில் காய்ந்த இறாலும் ஊறுகாய்த் துண்டும் ஏதோ தெளிந்த தண்ணீரும் விட்டு அடுக்கினார். வெங்காயத்தாள் மறந்துபோனதால், "ஆள் வந்தால் பாலை ஊற்று," என்றுவிட்டு ஓடினார். அந்தத் தண்ணீர் வினாகிரி என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கென்று வாசலில் வரிசை. ஆறு கிண்ணத்தில் ஊற்றினேன். ஆறும் என் கண் முன்னாலேயே திரைந்தன. வீட்டில் பால் திரைந்தால் என்ன செய்வோம்? பழுதான பாலைக் குடித்து ஆருக்கும் ஒன்று நடந்தால் கடிதம் எங்கே, றெஜினா எங்கே என்று பயந்தேன். ஐந்து கிண்ணத்தைக் கொட்டினேன்; ஒன்று மேசையில் மறந்துபோய் நின்றது. பிறகு பானைகள் இரண்டையும் தொட்டிக்குள் கவிழ்த்தேன்.

ஞானம் அண்ணை வந்து மிஞ்சிய கிண்ணத்தை எடுத்து மணந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய்.

"பழுதில்லையடாப்பா. இது இப்பிடித்தான் போல."

"ஐயோ அண்ணை, ரெண்டு பானையையும் ஊத்திப்போட்டன்."

"குடிச்சுப் பாத்தனியோ?"

"இல்லை."

"குடிச்சுப் பாக்காமலோ கொட்டினனி?"

"அடுப்பு பழுதெண்டு சொல்லுவம் அண்ணை. எனக்குக் கடிதம் வேணும்."

"பசியோட நிக்கிற சனத்துக்குப் பொய் சொல்லக்கூடாது," என்று சொல்லி, ஏப்ரனோடு பனிக்குள் இறங்கினார். தனக்குத் தெரிந்த பத்துப் பிரெஞ்சுச் சொல்லையும் கையையும் வைத்து, பால் திரைந்ததையும் நான் கவிழ்த்ததையும் வரிசைக்கு நடித்துக் காட்டினார். சிலர் போய்விட்டார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டு உள்ளே வந்து முட்டைச் சுருள் சாப்பிட்டார்கள்.

மெய்லின் வந்து வெறும் பானையைப் பார்த்தார். முகம் சிவந்துபோனது. நான் ஏப்ரனைக் கழற்றத் தொடங்கினேன். ஞானம் அண்ணை குறுக்கே வந்தார். எங்கள் மூவருக்கும் பொதுவான அரைகுறை ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான்: "மேடம், உங்கட ஊரிலை நல்லது எங்கட ஊரிலை பழுது. எங்களுக்கு ஒரு வாய் தராமல் விக்கச் சொன்னது உங்கட பிழையும்தான். இவனை நிப்பாட்டினால் என்னையும் நிப்பாட்டுங்கோ."

அவருக்கும் வேறு வேலை இல்லை. எனக்கு அது தெரியும்.

மெய்லின் நான் கழற்றிய ஏப்ரனை எடுத்தார். அதை என் கையிலேயே திருப்பித் தந்தார். அடுத்த நாள், கதவு திறக்க முதல், மூன்று கிண்ணம் வைத்து மூன்றிலும் பால் ஊற்றினார். திரையும் மட்டும் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஞானம் அண்ணை குடித்துவிட்டு, "உப்புக் காணாது," என்றார். கரும்பலகையில் மெய்லின் எழுதினார்: இந்தப் பால் திரையத்தான் வேண்டும். சனிக்கிழமைச் சனம் தாங்கள் தவறவிட்ட பாலைப் பார்க்கவென்றே திரும்பி வந்தது. திங்கட்கிழமை கடிதமும் வந்தது.

அன்றிலிருந்து அந்த மூன்று கிண்ணம் கடையின் முறையானது. "காணாது" என்ற சொல்லை, போதாது என்ற அர்த்தத்தோடேயே மெய்லினும் பிடித்துக்கொண்டார். மரக்கறி கொண்டுவரும் ஆளுக்கும் அதைத்தான் சொல்வார். அண்ணையின் செய்தி சொன்ன அன்று தொலைபேசியில் கடைசியாகச் சொன்னார்: எனக்கு லீவென்று இரண்டு கிண்ணம் வைத்தாராம். ஒன்று அப்படியே ஆறிப்போய் இருக்கிறதாம்.

ஞானம் அண்ணையின் கோட்டை அவர் தம்பி எடுத்துக்கொண்டார். முட்டைச் சுருள் திருப்பும் தட்டு அகப்பை மெய்லினிடம். என்னிடம் இருப்பது அவர் அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்த விதம். விளங்காத ஒன்று முன்னால் வந்தால், பிள்ளை சொல்வதாக இருக்கட்டும், புதுசாக வாசலுக்கு வந்த ஆளாக இருக்கட்டும், என் கை தொட்டிப் பக்கம் போக முதல் அவர் மணந்து பார்த்த முகம் வந்து நிற்கும். அப்போது நான்…

"இஞ்சருங்கோ," குசினியிலிருந்து றெஜினா. "கிண்ணத்திலை பால் திரையத் தொடங்கீட்டுது. வாறியளோ, இல்லை நான் கொட்டட்டோ?"