இருபது நிமிஷத்தில் அணைந்த லேப்டாப்

எனக்குப் பொறுமை கிடையாது. லிஃப்ட் வரும்வரை பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிற ரகம். அப்படிப்பட்டவனிடம்தான் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக அணையும் லேப்டாப் வந்து மாட்டியது.

லேப்டாப் என் மனைவியுடையது. செல்போன் கம்பெனியில் எட்டு மணி நேரமும் நின்றே வேலை பார்க்கிறவள் அவள். அங்கேயே டிசைன் பிரிவுக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, விடுமுறை நாட்களில் கம்ப்யூட்டரில் வரையப் படித்தாள். சான்றிதழ் இருந்தால் சூப்பர்வைசர் அவள் பெயரை அங்கே பரிந்துரைப்பார். சாதாரண லேப்டாப் அந்த வேலையைத் தாங்காது என்றார்கள். ஸ்ரீபெரும்புதூரில் கலர் கலராக விளக்கெரியும் பழைய கேமிங் லேப்டாப் ஒன்றை வாங்கினோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சான்றிதழ் கிடைக்க ஆறு மணிக்குள் கடைசி வரைபடத்தை அனுப்பியாக வேண்டும். மூன்று மணிக்குள் நான்கு முறை அணைந்துவிட்டது. சார்ஜரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், உள்ளே கிடந்த விளையாட்டுகளையெல்லாம் அழித்தேன். எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் கரண்டே சரியில்லை என்று கத்தினேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"மெஷின்லதான் கோளாறு கீதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்றாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றேன். மூன்று வாரமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் போனை எடுத்தாள். கடைக்கு போன் செய்வதற்காக, மாடல் நம்பர் பார்க்க லேப்டாப்பைக் கவிழ்த்தாள்.

"இந்த டேப்பு இன்னாத்துக்கு?"

"நான்தான் ஒட்னேன். உள்ள தூசு போவக்கூடாது இல்ல?" என்றேன், பெருமையாகவே.

எனக்கு ஒரகடத்தில் கார் கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் வேலை. பெயிண்ட் அடிக்கும் முன் வண்டியில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் டேப் போட்டு மூட வேண்டும். எங்கள் தெருவில் லாரி கிளப்பும் புழுதியைப் பார்த்துவிட்டு, வாங்கின அன்றே லேப்டாப்பின் அடியில் இருந்த ஓட்டைகளையும் மூடிவிட்டேன். ஓரத்தில் ஒரு பிசிறு இருக்காது. அவ்வளவு நேர்த்தி.

டேப் மேல் கையை வைத்தவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "அப்போ சூடு எது வழியா வெளிய போவும்?"

எனக்கு உறைத்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி உரித்தேன். என் வேலை சுத்தமானதாயிற்றே, லேசில் வரவில்லை. அடியில் நான்கு பாட்டில் மூடிகளை முட்டுக்கொடுத்தோம். இருபது நிமிஷம் தாண்டியது, நாற்பதும் தாண்டியது. நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன். ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வரைபடம் போய்ச் சேர்ந்தது.

"என் தப்புதான்," என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ சொல்றா மாரி எனக்குத்தான் வரலன்னு நெனச்சிட்டேன். என் பேரை அனுப்ப வேணாம்னு நேத்து சூப்பர்வைசர்கிட்ட சொல்ட்டேன். ஆரம்பிச்சத முடிப்போம்னுதான் இன்னிக்கு உக்காந்தேன்."

"நாளைக்குப் போயி மறுபடியும் கேளு."

"கேக்கறேன்," என்றாள். "ஆனா பேரு லிஸ்ட்டு நேத்தே போய்டுச்சு."