மசக்கைக்கு ஒரு பேகல்

மசக்கையில் மாங்காய்க்கு ஏங்குவது வழக்கம். சாம்பலுக்கும் செம்மண்ணுக்கும் ஏங்குகிறவர்கள் உண்டு. அதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. என் மனைவி பேகலுக்கு ஏங்கினாள். அதற்கு எந்த முன்னுதாரணமும் எனக்குக் கிடைக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். ஹாம்பர்க்கில் துறைமுகத்துக்குக் கிரேன் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஜினியராக இருந்தேன். அதற்கு முன் நியூயார்க்கில் படித்த காலத்தில், நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் யூதர் ஒருவர் ரொட்டிக்கடை வைத்திருந்தார். அங்கேதான் அவளுக்குப் பேகல் பழக்கமாயிற்று. மாவை வளையமாகச் சுற்றி, கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்து, பிறகு அடுப்பில் சுடுவார்கள். மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை. முட்டை கிடையாது, கொழுப்பு கிடையாது. வெளியில் வாங்கியதை வாயில் வைக்காதவள் அதற்கு மட்டும் விலக்கு அளித்திருந்தாள். குளித்துவிட்டு அடுப்புக்குப் போகிற ரொட்டி உலகத்திலேயே அது ஒன்றுதான் என்பது அவள் சொன்ன காரணம்.

ஹாம்பர்க்கில் முதல் குழந்தை தங்கியது. சாதம், ரசம், மோர் எதுவும் அவள் வயிற்றில் தங்கவில்லை. அடுத்த முறை வரும்போது எடை இன்னும் குறைந்திருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி சூப்பில் எலும்பு கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். எனக்குக் குழந்தையை நினைத்துப் பயம், அவளுக்குக் குழந்தையையும் எலும்பையும் நினைத்துப் பயம். பேகல் கிடைத்தால் சாப்பிடுவேன் என்றாள். வேறு எதற்கும் அவள் உத்தரவாதம் தரவில்லை.

ஒரு பொருளைத் தேட முறை ஒன்று இருக்கிறது. முதலில் அதை விற்க வாய்ப்புள்ள கடையில் கேட்கவேண்டும். முடிந்தவரை தெளிவாகக் கேட்கவேண்டும். நான் தெளிவாகவே கேட்டேன்: யூதர்கள் செய்வார்களே, ஓட்டை போட்ட ரொட்டி, அது இருக்கிறதா?

போர் முடிந்து கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்த ஊர் அது. கல்லாவில் இருந்த அம்மாள் முகம் சிவந்து, தன் அப்பா கடைசிவரை யூத டாக்டரிடம்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டார் என்றாள். அடுத்த கடையில் ரொட்டிக்காரரே மாவுக் கையோடு வெளியே வந்து, போர் முழுக்கத் தான் நார்வேயில் இருந்ததாகவும் அங்கேயும் ரொட்டிதான் சுட்டதாகவும் விளக்கினார். இன்னொரு கடையில் வரிசையில் நின்ற பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னிடம் வருத்தம் தெரிவித்தார். நான் இந்தியன் என்று சொல்லிப் பார்த்தேன். அதனால் என்ன என்றார். ரொட்டி கேட்ட இடத்திலெல்லாம் வாக்குமூலம் கிடைத்தது. கூடவே ஒரு கேக்கைக் கட்டிக் கையில் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிடுவார்கள். வீட்டில் கேக் குவிந்தது. எல்லாவற்றிலும் முட்டை.

மேல்முறையீடாக யூத சமூகத்தின் அலுவலகத்துக்குப் போனேன். இந்தியனுக்கு இது எதற்கு என்று அங்கிருந்தவர் சந்தேகமாகக் கேட்டார். மசக்கையை ஜெர்மன் மொழியில் விளக்குவது சுலபமில்லை. கர்ப்பிணியின் ஆசை தீராவிட்டால் குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்று எங்களூரில் சொல்வார்கள் என்றேன். அவர் முகம் இளகியது. வெள்ளிக்கிழமை பின்னல் ரொட்டி வரும், ஆனால் அதில் முட்டை உண்டு. பேகல் இந்த ஊரில் யாரும் சுடுவதில்லை என்றார்.

பக்கத்து அறையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள் இதைக் கேட்டு எழுந்து வந்தார்கள். ஒருவர் வார்சாக்காரர், ஸ்டேஷன் அருகே கால்சட்டை விற்பவர். மற்றவர் கிராக்கோக்காரர், கடிகாரம் பழுதுபார்ப்பவர். இருவரும் வாழ்க்கையில் ஒரு ரொட்டிகூடச் சுட்டதில்லை. ஆனால் சிறுவயதில் தின்றிருந்தார்கள். நிபுணராக அது போதும். இரண்டு கயிறாகத் திரித்துச் சுற்றினால்தான் பேகல் என்றார் கிராக்கோக்காரர். அது பேகல் அல்ல, விபத்து என்றார் வார்சாக்காரர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலேயே சுட்டுத் தீர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. போரின்போது எங்கே இருந்தோம் என்று அவர்கள் இருவர் மட்டும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாவும் பலகையுமாக வந்தார்கள். வார்சாக்காரர் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டார்.

"இந்த அறைக்குள் எப்போதாவது மாமிசம் வந்திருக்கிறதா?"

நான் மொழிபெயர்த்தேன். படுக்கையறையிலிருந்து பதில் வந்தது.

"மொதல்ல அவா ரெண்டு பேரும் குளிச்சாளான்னு கேளுங்கோ."

காலையிலேயே குளித்தாயிற்று என்றார்கள். அதற்கப்புறம் எதையாவது தொட்டார்களா என்று அடுத்த கேள்வி. டிராம் கம்பியை என்று கிராக்கோக்காரர் ஒப்புக்கொண்டார். கைகால் அலம்பிக்கொண்டு வரச்சொன்னாள். வார்சாக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, முறை தெரிந்த வீடு என்று என்னிடம் மெச்சினார். கடைத்தெருவில் அவர் எல்லாம் தின்பார் என்று பிறகு தெரிந்தது. பேகலுக்கு மட்டும் ஆசாரம்.

சிக்கல் அடுப்பில் வந்தது. வீட்டோடு வந்த காஸ் ஓவன் அது. எங்களுக்கு முன்பிருந்தவர்கள் அதில் வாராவாரம் பன்றி வாட்டியதாகக் கீழ்வீட்டம்மாள் பெருமையாகச் சொல்லியிருந்ததால், என் மனைவி அதன் கதவைத் திறந்ததே இல்லை. செய்தியைக் கேட்டதும் இரண்டு கிழவர்களும் ஓரடி பின்வாங்கினார்கள். முழுத்தீயில் ஒரு மணி நேரம் வெறுமனே எரியவிட்டால் சுத்தமாகும் என்பது அவர்கள் பக்கத்து விதி. புளிபோட்டுத் தேய்த்து மஞ்சள்தண்ணீர் தெளிக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து விதி. எது முதலில் என்று எந்தப் பக்கத்திலும் விதி இல்லை. முதலில் எரிப்பது, ஆறியபின் தேய்ப்பது, கடைசியில் தெளிப்பது என்று நான் தீர்ப்பளித்தேன்.

பழைய கொழுப்பு புகைந்து மாடிப்படியெல்லாம் நிறைந்தது. கீழ்வீட்டம்மாள் ஓடிவந்தாள். அடுப்பைச் சுத்தம் செய்கிறோம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்ய வீட்டு விதிகள் அனுமதிப்பதில்லை என்றாள். அவள் சொன்னது சரி. அந்த விதியின் எண்கூட எனக்குத் தெரியும். இது மதச்சடங்கு என்றேன். யாருடைய மதம் என்றாள். என் பின்னாலிருந்து எட்டிப்பார்த்த வார்சாக்காரர், எங்களுடையது என்றார். அவள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப்போய், சற்று நேரத்தில் ஒரு ஆப்பிள் கேக்கோடு திரும்பி வந்தாள்.

அடுப்பை மறுபடி பற்றவைக்கும்போது இன்னொரு வழக்கு. யூதர் கையால் பற்றவைத்தால்தான் செல்லும் என்றார் வார்சாக்காரர். தன் அடுப்பைத் தான்தான் பற்றவைக்கவேண்டும் என்று மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். பல நாளாகப் படுக்கையைவிட்டு எழாதவள். முடிவில் அவர் தீக்குச்சியைக் கிழித்து நீட்ட, அவள் காஸைத் திருகினாள். இரண்டு மதங்களும் திருப்தியடைந்தன.

வெந்து வந்ததைப் பார்த்தால் கிராக்கோக்காரருடையது பிரிந்து பாம்பாகியிருந்தது. வார்சாக்காரருடையதில் ஓட்டை மூடிக்கொண்டிருந்தது. வார்சாக்காரர் ஒன்றைக் கடித்துவிட்டுத் தட்டில் வைத்தார்.

"இது பேகல் இல்லை."

"உன்னுடையது இல்லைதான்," என்றார் கிராக்கோக்காரர்.

தண்ணீர் சரியில்லை என்று ஒருவர், மாவு சரியில்லை என்று ஒருவர். ஹாம்பர்க் தண்ணீரைப் பற்றி என்னிடம் நிபுணர் கருத்து கேட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது தட்டு பாதி காலி. அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, மிளகாய்ப்பொடியில் எண்ணெய் குழைத்து, பாம்பு ஒன்றைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். சாயங்காலம்வரை காத்திருந்தேன். உள்ளே போனது உள்ளேயே இருந்தது.

தோல்வியைச் சரிசெய்ய அடுத்த ஞாயிறும் வந்தார்கள். அதற்கடுத்ததும். இறுகிய முகத்தோடு சுடுவார்கள், கடிப்பார்கள், இல்லை என்பார்கள், ஒருவரையொருவர் குற்றம் சொல்வார்கள். நிராகரிக்கப்பட்டதெல்லாம் வாரம் முழுக்க அவளுக்கு ஆகாரம். டாக்டர் எடை பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவில்லை. என்ன சாப்பிடுகிறாளோ அதை நிறுத்தவேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு வார்சாக்காரர் ஒன்றைக் கடித்துவிட்டுத் தட்டில் வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். கிராக்கோக்காரர் அவர் கையிலிருந்தே பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஹெர் இன்ஜினியர், எங்களைவிட அண்மையில் அசல் பேகல் தின்றவர் நீங்கள்தான்," என்றார் வார்சாக்காரர். "உண்மையைச் சொல்லுங்கள். வந்துவிட்டதா?"

நானும் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தேன். மேலே இழுபடும் தோல், உள்ளே அழுத்தமான மெத்து. நியூயார்க் கீழ்த்தளத்தில் வாங்கியதேதான்.

தரையிலிருந்தவள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் தமிழில் சொன்னாள்:

"வந்துடுத்துன்னு சொல்லிடாதேங்கோ. நின்னுடுவா. இன்னும் மூணு மாசம் இருக்கு."

உப்பு ஒரு சிட்டிகை குறைகிறது என்றேன். இரண்டு கிழவர்களும் பெருமூச்சு விட்டார்கள். வருத்தத்தில் விட்டதாகத் தெரியவில்லை. தண்ணீரை மாற்றிப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே வார்சாக்காரர் பலகையைத் துடைத்தார்.