சில்லு வீட்டுக்கு ஒரு பின்கண்

வயரைப் பல்லில் கவ்வி, தலையை ஒரு வெட்டு வெட்டித் தோலைத் துப்புகிறார் நூர்தீன். செம்பு பளிச்சென்று வெளியே வருகிறது. வயர் உரிக்கும் குறடு அவரிடம் மூன்று இருக்கின்றன. மூன்றும் உறைகூடப் பிரிக்கப்படாமல் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. கேட்டால், "அது வாற ஆக்களுக்குக் காட்டுறதுக்கு. வேலைக்குப் பல்லு இரிக்கி," என்பார்.

குறிஞ்சிப்பிட்டியில் வீதியோரத் தகரக் கொட்டகைதான் கடை. கடைக்குப் பின்னால் வீடு. வாகனத்தில் எரிய வேண்டியது எரியாவிட்டாலும், எரியக்கூடாதது எரிந்தாலும், சுற்றுவட்டார ஆட்கள் இங்கேதான் வருவார்கள். முப்பது வருடமாக இந்தத் தொழில். ஆனால் ஆளுக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. பள்ளிக்குப் போவதும் சந்தைக்குப் போவதும் சைக்கிளில்தான். இதைச் சொல்லிக் கேலி பண்ணுகிறவர்களுக்குப் பதில் தயாராக இருக்கும்: "பல்லு டொக்டர் தன்ட பல்லத் தானே புடுங்குறாரா?"

பின்னுக்குத் திரும்பிப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டிய நேரம், மன்னாரிலிருந்து குடும்பத்தோடு படகில் கற்பிட்டிக்கு வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. அந்தக் கதையைக் கேட்க வருகிறவர்கள் கண்ணீரை எதிர்பார்ப்பார்கள். அவர் சொல்வது இவ்வளவுதான்: "பின்னுக்குப் பாத்த ஆக்கள் எல்லாம் குடல் பொரட்டிச் சத்தி எடுத்தாங்க. நான் முன்னுக்குப் பாத்துக்கிட்டு வந்தன். எனக்குப் பசி மட்டுந்தான்."

இன்னொன்று, பிழை என்ற சொல் அவர் வாயில் வராது. போன மாரியில் ஒருவரின் ஓட்டோவுக்கு வயர் மாற்றினார். அதன்பிறகு பிரேக்கை மிதித்தால் கண்ணாடி துடைக்கிற கை ஆடத் தொடங்கியது. ஓட்டோக்காரர் ஓடி வந்து கத்தினார். நூர்தீன் அசையவில்லை. "மழை பேஞ்சா நிப்பாட்டித் துடைக்கத்தானே வேணும்? ரெண்டு வேலைய ஒண்டாக்கித் தந்திரிக்கன்," என்றார். ஓட்டோக்காரர் இன்றும் அப்படித்தான் ஓடுகிறார் என்று கேள்வி.

மனைவி ஹவ்வாவுக்கும் இந்தத் தொழிலில் ஒரு பதவி உண்டு. சம்பளம்தான் இல்லை. நூர்தீன் வண்டிக்குள் இருந்து பிரேக்கை மிதித்து, "எரியுதா?" என்பார். தேங்காய் துருவிய கையோடு ஹவ்வா பின்னால் வந்து நின்று, "எரியுது," என்பார். இல்லாவிட்டால், "எரியல்ல." முப்பது வருடத்தில் அந்த மனுசி இந்தக் கடைக்காகப் பேசிய வசனம் இந்த இரண்டும்தான். மற்ற வசனங்களெல்லாம் நூர்தீனுக்காகப் பேசியவை, அவற்றை அச்சில் போட முடியாது.

இந்த இடத்தில்தான் றோசமேரி தன் கரவனை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் வைத்த வீடு. அடியில் சில்லு, அதாவது சக்கரம், பூட்டி, கெப் எனும் சிறு டிரக்குக்குப் பின்னால் கொளுவி இழுப்பது. நூர்தீன் அதைச் சில்லு வீடு என்பார். காத்துக் காலத்தில் பட்டம் கட்டிக் கடலில் வழுக்கி விளையாட வருகிற வெள்ளைக்காரருக்கு றோசமேரி அதை வாடகைக்கு விடுகிறாள். நிறுத்துவது சிவராசாவின் தென்னந்தோட்டத்தில், களப்பு எனும் உப்பங்கழியின் ஓரமாக. ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் கிணறு. நடுவில் கரவன் நுழையலாம், கூடவே ஒரு கோழி நுழையலாம், அவ்வளவுதான் இடம்.

இதுவரை அதைப் பின்னுக்கு விட்டு நிறுத்தியது அவளுடைய தம்பி. அவன் கட்டாருக்குப் போய்விட்டான். போன மாதம் றோசமேரி தானே முயன்றாள். பின்னுக்கு வரும் வண்டியைக் கண்டால் வீதியில் போகிறவனெல்லாம் பொலிஸ்காரனாகிவிடுவான் அல்லவா? நாலு பேர் நாலு திசையிலிருந்து, "ஸ்டேரிங்கை ஒடி! ஒடி!", "மற்றப் பக்கம்!" என்று கத்தினார்கள். கரவன் போய்க் கிணற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்தது. சிவராசா உடைந்த கல்லைக் கையில் எடுத்துக் காட்டி, "பிள்ளை, இன்னொருக்கா இடிச்சியெண்டா வேற காணி பார்," என்று சொல்லிவிட்டார். அந்தக் கரையில் வேறு காணி எல்லாம் ஹோட்டல்காரர் கையில். அந்த இடம் போனால் அவளுக்குத் தொழிலே போகும்.

"நானா, நாளைக்கு ஆக்கள் வருகினம். பின்னுக்கு ஒரு கமரா பூட்டித் தாங்கோ. இனி ஒருத்தரும் கத்தி எனக்கு வழி காட்டத் தேவையில்லை," என்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கமராதானே? நீ கோயிலுக்குப் போய்ட்டு வா தங்கச்சி, முடிஞ்சிரிக்கும்."

கமராவோடு வந்த கடதாசியை நூர்தீன் பார்க்கவில்லை. கடதாசி பார்த்து வேலை செய்கிறவன் வாத்தியார் என்பது அவர் கொள்கை. கரவனின் வயிற்றுக்கு அடியில் படுத்து, வால் முனையிலிருந்து கெப்பின் முன்பக்கம் வரை வயரை இழுத்தார். ஸ்டேரிங்குக்குப் பக்கத்தில் சின்னத் திரையைப் பூட்டினார். கமராவின் வயரில் பச்சை நிறத்தில் ஒரு சின்ன வளையம் எங்கும் போகாமல் தானாகவே தொங்கியது. "வேலவெட்டி இல்லாத மாப்பிள்ள," என்று சொல்லி நறுக்கென்று வெட்டிவிட்டார்.

பிறகு திரையைப் போட்டார். படம் வந்தது, அதில் ஹவ்வாவும் வந்தார்.

"கையத் தூக்கு!"

ஹவ்வா அகப்பையோடு கையைத் தூக்கினார். திரையில் அகப்பை இடப்பக்கம் நின்றது.

"எந்தக் கை அது?"

"சோறு திங்கிற கை. வேற எந்தக் கையத் தூக்குவாங்க?"

பின்னுக்குப் பார்க்கிற கண்ணாடியில் போல, ஹவ்வாவின் சோற்றுக் கை நூர்தீனுக்கும் வலப்பக்கம்தான் வர வேண்டும். வரவில்லை. அப்போதுதான் கடதாசியைத் தேடி எடுத்தார். பச்சை வளையத்தை வெட்டினால் படம் இடம் வலமாக மாறும் என்று படம் போட்டே காட்டியிருந்தார்கள். இரண்டு நுனியையும் முறுக்கிவிட்டால் முடிந்தது, இரண்டு நிமிட வேலை. ஆனால் அதற்குள் றோசமேரி வந்து நின்றாள். அவள் பார்க்க மறுபடி கரவனுக்கு அடியில் படுப்பதா? ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? நூர்தீனின் முதுகு வளையவில்லை.

"சரியோ நானா?"

"சரிதான். நானும் வாறன், நிப்பாட்டிப் பாத்துட்டு வருவம்."

ஹவ்வா அகப்பையோடு அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையும் அச்சில் போடக் கூடியதல்ல.

இறங்கியதும் றோசமேரி தண்ணீர் குடிக்கப் போவாள், அந்த நேரத்தில் முறுக்கிவிடலாம் என்று வழி முழுக்க நூர்தீன் கணக்குப் போட்டிருந்தார். அவளோ தோட்டத்துக்குள் நுழைந்ததும், "இறங்குங்கோ நானா, உடனை விட்டுப் பாப்பம்," என்றாள். கிணற்றடியில் கைகட்டி நின்றார் சிவராசா. சொல்ல வாயெடுத்தார் நூர்தீன். சிவராசாவின் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. ஒரு அப்பாவிப் பெண்ணின் பிழைப்பை இந்தப் பாழாய்ப்போன கௌரவம் தின்னப்போகிறதே என்று தன்னையே திட்டிக்கொண்டார். கரவன் பின்னுக்கு நகர்ந்தது. நூர்தீன் கண்ணை இறுக்கி மூடி, தெரிந்த துஆவெல்லாம் ஓதினார்.

கல் விழும் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால், தென்னைக்கும் கிணற்றுக்கும் நட்ட நடுவே கரவன் நின்றது.

"நானா! என்ன மாயம் செய்தனீங்கள்?" றோசமேரி கெப்பிலிருந்து குதித்தாள். "இதை இழுத்துக்கொண்டு பின்னுக்கு வரேக்கை ஸ்டேரிங்கை இடப்பக்கம் திருப்பினா வால் வலப்பக்கம் போகும். அதுதான் என்னைக் குழப்பிறது. இப்ப படத்திலை எந்தப் பக்கம் போகோணுமோ அந்தப் பக்கம் திருப்பினன், நேரா வந்திட்டுது!"

வண்டியே ஓட்டாத நூர்தீனுக்கு அது இப்போதுதான் தெரியும். இழுவை ஒரு கோணல், படம் மறு கோணல். இரண்டும் சேர்ந்து நேராகிவிட்டன. நெஞ்சு தானாக நிமிர்ந்தது. "அது ஒரு கணக்கு," என்று தொடங்கினார்.

சிவராசா கையை அவிழ்த்துக்கொண்டு வந்தார். "நூர்தீன், இதையே என்ரை லொறிக்கும் பூட்டு. பேரப்பிள்ளையள் பின்னாலை ஓடித் திரியிதுகள், பயமாக் கிடக்கு."

லொறிக்குப் பின்னால் இழுவை ஏது? இந்தப் படத்தைப் பார்த்து அவர் பிள்ளையை விட்டு விலகத் திருப்பினால், பிள்ளையின் மேலேயே போகும்.

"அண்ணன், லொறிக்கு இது ஆகாது," என்றார் நூர்தீன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "இது நான் விட்ட பிழை. வெட்டக் கூடாத வயர வெட்டிட்டன். தங்கச்சிக்கு மறைச்சும் போட்டன்."

றோசமேரியின் முகம் சிவந்தது.

"இடிச்சிருந்தா என்ரை கதி என்ன நானா?"

"அதத்தான் வழி முழுக்க நினைச்சன். ரெண்டு நிமிஷம் தா, சரியாக்கிடுறன்."

"தொட்டுப் பாருங்கோ," என்றாள் றோசமேரி, கமராவை மறைத்துக் கையை விரித்து நின்றபடி. "கையை முறிப்பன். எனக்கு இந்தப் பிழைதான் வேணும்."

நூர்தீன் அவளைச் சுற்றிக்கொண்டு போய்க் கரவனுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்தார். வெட்டுப்பட்ட பச்சை நுனிகள் இரண்டையும் எட்ட எட்டப் பிரித்து வைத்து, இனித் தானே மனம் மாறி வந்தாலும் அவிழ்க்க முடியாதபடி, சுருள் தீரும்வரை சுற்றிக்கொண்டே இருந்தார்.