அஞ்சு படி ஓமப்பொடி, மூணு படி கடலை

எங்கள் அத்தை போடும் மிக்சரில் கடலை உண்டா என்று கேட்டால் உண்டு என்று சத்தியமே செய்யலாம். எங்கே என்று கேட்டால்தான் சிக்கல். சிக்கலுக்குக் காரணம் மாமா. வில்லாபுரத்து வீட்டில் பொரிப்பதும் வறுப்பதும் அத்தை. சரக்கு வாங்குவதும் கடைகளுக்குப் போடுவதும் மாமா. கடலைச் சாக்கை அவிழ்க்கிற அதிகாரமும் அவருடையதுதான். “கடலையைக் கூடப் போட்டா ஓடும்ங்க” என்று அத்தை சொல்லிச் சொல்லி அலுத்திருந்தாள்.

ஏழாம் வகுப்பு முடித்து நான் லீவுக்குப் போயிருந்த நேரம். இரண்டு கடைக்காரர்கள் எங்கள் மிக்சர் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அவனியாபுரத்தில் புதிதாக டீக்கடை போட்டவர் ஒருவர் மட்டும் கிலோ தொண்ணூறு ரூபாய்க்குக் கொஞ்சம் கேட்டார். பிடித்தால் வாராவாரம் எடுப்பாராம். மாமா கறாராகச் சொன்னார்: “சரக்கு விலை கிலோவுக்கு எழுபத்தஞ்சைத் தாண்டக் கூடாது, ஆமா.”

எனக்குக் கை அரித்தது. அந்த வருஷம்தான் கலவைக் கணக்கு படித்திருந்தேன். ஓமப்பொடி கிலோ அறுபது, வறுத்த கடலை நூறு. ஐந்து கிலோ ஓமப்பொடி முந்நூறு, மூன்று கிலோ கடலை முந்நூறு. எட்டுக் கிலோ அறுநூறு. அப்படியானால் கிலோ சரியாக எழுபத்தைந்து! மாமா என் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மருமக போட்டா சரியாத்தான் இருக்கும்.”

மறுநாள் காலை மாமா வெளியே போனதும் அத்தை அண்டாவை இறக்கினாள். தராசை எடுக்கட்டுமா என்றேன்.

“அதெதுக்குத்தா? படி இருக்குல்ல. அஞ்சுக்கு மூணு, அம்புட்டுத்தானே?”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நான் எண்ண எண்ண அத்தை அளந்து கொட்டினாள்.

மத்தியானம் வந்த மாமா சாக்கைத் தூக்கிப் பார்த்தார். “ஏண்டி, இம்புட்டுக் கடலை எங்க போச்சு?”

“கணக்குப் போட்டது உங்க மருமக. அவளைக் கேளுங்க” என்றாள் அத்தை, பாக்கெட் கட்டுவதை நிறுத்தாமல்.

மாமா என்னைப் பார்த்தார். சாக்கின் வாயைத் திரும்பக் கட்டி வைத்தார். கணக்கின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தராசில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: மூன்று படி ஓமப்பொடி ஒரு படி கடலை எடைகூட இல்லை! கிலோ எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. கவருக்கும் பெட்ரோலுக்கும் போக என்ன மிஞ்சும்? நான் அழுதேன். “அழுவாமத் தின்னு” என்று அத்தை ஒரு கை மிக்சரை என் கையில் திணித்தாள்.

மூன்றாம் நாள் டீக்கடைக்காரர் போன் செய்தார். “அண்ணே, கடலை என்னமா கெடக்கு! இதே மாதிரிதான் வேணும்.”

அத்தை போனை வாங்கினாள். “தாரேன் தம்பி. ஆனா கிலோ நூறு.” அவர் கொஞ்சம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார்.

அத்தைக்குப் படிக்கும் கிலோவுக்கும் வித்தியாசம் தெரியாததால் என் கணக்கு தப்பாகி, அதுவே லாபமாய் முடிந்தது என்று ரொம்ப வருஷம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஓமப்பொடிப் படியை ஒரு கையால் வீசிக் கொட்டியவள், கடலைப் படியை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கியதை நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.